தடைக்காலத்து வண்டி

தடைக்காலம் தொடங்கிப் பத்தொன்பதாம் நாள்
கீழக்கரை போய் வாங்கி வந்தேன்.
இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய், பழசு,
முன் பம்பரைக் கட்டுக்கம்பியால் இறுக்கியிருந்தது.
துபாயிலிருந்து மகனுக்கென்று கொண்டுவந்தாராம் சீனி அசன்,
மகன் தொடவே இல்லையாம்.
தொடாத வண்டிக்குப் பம்பர் எப்படி உடைந்தது
என்று நான் கேட்கவில்லை.

பையில் போட்டுக் கொடுக்கும்போது சொன்னார்:
முதலில் ரிமோட்டைப் போடு, பிறகு வண்டியை.
அணைக்கும்போது வண்டி முதலில், ரிமோட் கடைசியில்.
மாற்றிச் செய்தால்
காற்றில் திரிகிற எவன் பேச்சையோ கேட்டு ஓடும்.
அப்புறம், உப்புத்தண்ணி ஆகாது.
எந்த ஊர் என்றார்.
மண்டபம் என்றேன்.
பணத்தைத் திருப்பித் தந்துவிடலாமா என்பதுபோல் பார்த்தார்.

அறுபதடி விசைப்படகை
இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறவன் நான்.
பாம்பன் பாலத்தடியில் நீரோட்டம் பிடித்திழுக்க
பீடி அணையாமல் கடந்திருக்கிறேன்.
முழங்கை நீள வண்டி, எனக்கென்ன.

ஐஸ் பிளாண்டுக்குப் பின்னால்
கருவாடு காயப்போடும் சிமெண்ட் களம் இப்போது காலி.
வெயில் சாய்ந்தால் பழைய செதில்கள் மினுங்கும்.
வண்டியை வைத்தேன்.
விசையை விரலால் தொட்டேன்,
தொட்டேன் என்றுதான் சொல்கிறேன்,
அது சுவரில் போய் முட்டிற்று.

போகும்போது ஒழுங்காகத்தான் போகிறது.
வளைந்து என்னை நோக்கி வரும்போது
இடம் என்றால் வலம் போகிறது,
வலம் என்றால் இடம்.
படகில் நான் உள்ளே இருக்கிறேன்,
அதன் மூக்கு எந்தப் பக்கமோ
என் மூக்கும் அந்தப் பக்கம்.
இங்கே அது தனி, நான் தனி,
நடுவில் கருவாட்டு வாடை.

நேராகப் போ என்றாலும் சற்றே இடப்பக்கம் சாய்ந்தது.
அதற்கு ரிமோட்டில் ஒரு குமிழ் உண்டென்று
ஐந்தாம் நாள்தான் கண்டுபிடித்தேன்.
அரைச் சுற்று, அவ்வளவுதான்.
என் படகுக்கும் அதே சாய்வு.
அதற்குக் குமிழ் கிடையாது, தோள்பட்டைதான்.

ராயப்பு வலையைப் போட்டுவிட்டு வந்து
டீசல் எவ்வளவு குடிக்கும் என்று சிரித்தான்.
மூன்று மணிநேரம் சார்ஜ், பன்னிரண்டு நிமிஷம் ஓட்டம்.
எழுபது தப்படி தாண்டிச் சிக்னல் அறுந்தால்
தானாக நின்றுவிடும் என்றேன்.
தானாகவா என்றான்.
தானாக.
அவன் அண்ணன் போன மாசியில்
இருட்டில் கோடு தாண்டியவன்,
இன்னும் அந்தக் கரையில் இருக்கிறான்.
ராயப்பு வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை ஒரு தரம் சுழற்றிப் பார்த்துவிட்டு
வலைக்கே போய்விட்டான்.

அன்று சோழகம் அடங்கிய நேரம்
பெல்சியா குடத்தோடு அந்த வழியே வந்தாள்.
நான் மூன்றாவது முறையாகச் சுவரில் முட்டியதைப்
பார்த்துக்கொண்டே நின்றாள்.
கொடுங்க என்றாள்.

போகவிட்டாள்.
சுவருக்கு நாலு முழம் முன்னால் வளைத்தாள்.
வரும்போது பிசகவே இல்லை,
அவள் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.
இன்னொரு முறை. இன்னொரு முறை.
எப்படி என்றேன்.
நீங்க போற படகை ஓட்டுறவுங்க,
நான் வர்ற படகைப் பாத்தவதானே, என்றாள்
வண்டியிலிருந்து கண்ணெடுக்காமல்.

பன்னிரண்டு நிமிஷத்தில் எனக்கு மூன்று.
மீதி அவளுடையது.
கடைசி வளைவில்
கடலோரத்து ஈரமணலில் இறக்கிவிட்டாள்,
ஓர் அலை வந்து சக்கரத்தை நக்கிப் போனது.
குடம் அங்கேயே கிடந்தது.

இரவு பழைய பிரஷ்ஷால்
பல்சக்கரத்து மணலைத் தேய்த்து எடுக்கிறேன்.
பெல்சியா டார்ச் பிடிக்கிறாள்,
பிடிக்க வேண்டிய இடத்தை எனக்கே காட்டுகிறாள்.
சீனி அசனுக்குப் போன் போட்டேன்,
இன்னொரு பேட்டரி என்ன விலை என்று.
சொன்னார். பிறகு கேட்டார்,
உப்பு ஏதும் பட்டுச்சா?

இல்லையே என்றேன்.